காணாமல் போவது என்று ஒன்று கிடையாது

மேடத்தைப் பற்றிச் சொல்வதென்றால் பூதலூர் ரயில்வே கேட் டீக்கடையில்தான் ஆரம்பிக்க வேண்டும். கடைக்காரர் ஒருநாள் யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாக அலுத்துக்கொண்டார். "ஸ்பூன் வாங்கி எனக்குக் கட்டுப்படி ஆகலைங்க. வாங்கி வாங்கி வைக்கிறேன், காணாமப் போயிடுது." பெஞ்சில் இருந்த நாங்கள் உச்சுக் கொட்டினோம். டீக்கடைப் பெஞ்சிலிருந்து அவ்வளவுதான் செய்ய முடியும். மேடம் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"காணாமப் போறதுன்னு ஒண்ணு கிடையாது சார். வந்தது எங்கயோ இருக்கும். டம்ளர் கழுவுற தண்ணிய எங்க ஊத்துவீங்க?"

பின்னால் வேப்பமரத்தடியில் என்றார் கடைக்காரர். மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய், ஒரு குச்சியால் அந்தச் சேற்றைக் கிளறினார். கைப்பிடி கைப்பிடியாக ஸ்பூன் வந்தது. கூடவே ஒரு ஜிமிக்கியும் வந்தது. அது யாருடைய ஜிமிக்கி என்று கடைக்காரர் வீட்டில் தனியாக ஒரு விசாரணை நடந்தது. அது நமக்கு வேண்டாம்.

நான் பூதலூர் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் பாய்லர் ஆபரேட்டர். புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு நான் வேண்டும். சர்டிபிகேட் வைத்திருக்கிற ஆள். மேடம் மயிலாடுதுறைக்காரர். சென்னையில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக, டெல்டாவில் நிலக்கரி எரிக்கிற சிம்னி ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு பாதரசம் வெளியே போகிறது, அதைத் தடுக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கெடுக்க வந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. காட்டன் புடவை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு சின்னத் தராசு. எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார். கடைக்காரர் டீ சார், வாட்ச்மேன் கேட் சார், நான் பாய்லர் சார். என்னை வாழ்க்கையில் சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் என்பதால் ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம்தான் வந்தது.

சந்தேகம் மட்டுமில்லை, அந்த நாட்களில் எனக்கு எல்லார்மேலும் எரிச்சல் வந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் கையெழுத்துக் கோணியது. பிறகு சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பாதிக் காலைப் பொழுது போயிற்று. தூக்கம் வரவில்லை. தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. ஒருநாள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று அதைப் பார்த்துக் கத்தினேன். கை நடுங்குகிறது, தூங்குவதில்லை, கத்துகிறான் என்றால் ஊர் என்ன சொல்லும்? குடிக்கிறான் என்றுதான் சொல்லும், சொன்னது.

சத்தியமாக நான் குடித்ததில்லை. டீ, காபி, கோயிலில் பானகம், அவ்வளவுதான். என் மனைவி தனம் தினமும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் வாசனை வரவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம் இல்லையா? "வாசனையே வராத சரக்காப் பாத்துக் குடிக்கிறாருப்பா, அவ்வளவு சாமர்த்தியம்" என்று தன் அப்பாவிடம் போனில் சொன்னாள். ஒருநாள் சோற்றில் உப்பு அதிகம் என்று நான் தட்டைத் தள்ள, அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவையாற்றுக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே மில் முதலாளி தன் பங்குக்கு, "பொங்கலுக்குள்ள கை நிக்கணும், இல்லாட்டி நீ நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நடுங்குகிற கையில் நீராவி வால்வைக் கொடுக்க முடியாது, அவர் சொன்னதில் தப்பில்லை. குடிக்கிறவனைக் குடிக்கிறான் என்று நிரூபிக்கலாம். குடிக்காதவன் எதை எடுத்துக் காட்டுவான்? பொண்டாட்டி போய், வேலையும் போகப் போகிற நிலைமையில்தான் மேடம் வந்து சேர்ந்தார்.

டீக்கடையில் என் டம்ளரையே ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய்லர் சார், ஒரு டீ வாங்கினீங்க. அரை டீதான் உங்களுக்குள்ள போச்சு. மீதி பெஞ்சுல, வேட்டில, என் ஷூவுல இருக்கு."

"மீதிய அவரு வேற கடையில அடிச்சுக்குவாரு மேடம்" என்றான் பக்கத்தில் இருந்த ஒருவன். பெஞ்சு சிரித்தது. நான் டம்ளரைத் தூக்கி எறிந்தேன். மேடம் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. டம்ளர் போய் விழுந்த இடத்தைத்தான் பார்த்தார். எதுவானாலும் அது கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவர் வீட்டுக்காரர் மயிலாடுதுறையில் தனியாக இருந்தார். சாயங்காலம் போன் வரும். "கிளம்பும்போது நாலு தோசைக்கு மாவு வெச்சுட்டு வந்தேன். ரெண்டுதான் சாப்பிட்டேன்றீங்க. அப்ப ரெண்டு தோசை மாவு எங்க?" அந்தப் பக்கம் என்னவோ முனகல் கேட்கும். "பக்கத்து வீட்டுக்குக் குடுத்தீங்களா? அப்ப பாத்திரம் திரும்பி வந்துச்சா?" அந்த மனிதரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒளித்துத் தின்ற ஒவ்வொரு முறுக்கும் எனக்குத் தெரியும்.

மில்லில் அவர் செய்ததும் அதே வேலைதான். உள்ளே வருவது எல்லாம் ஒரு பக்கம், வெளியே போவது எல்லாம் ஒரு பக்கம், இரண்டும் சரியாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் நாங்கள் உமியைத்தான் எரித்தோம். உமிக்கு வெளியே நல்ல விலை கிடைக்க ஆரம்பித்ததும் முதலாளி உமியை விற்றுவிட்டு நிலக்கரிக்கு மாறினார். மேடம் வந்ததும் முதலில் கரியை நிறுத்தார், பிறகு சாம்பலை நிறுத்தார், இரண்டு நாள் முகவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "சார், நீங்க வாங்குற கரியில ஒரு பங்கு பாய்லருக்குள்ள போகவே இல்லையே" என்றார். கடைசியில், கரி லாரிக்காரன் எடை மேடைக்கு வருவதற்கு முன்னால் கல்லணைக் கால்வாய் ஓரமாக வண்டியை நிறுத்திக் கரிமேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறான் என்று கண்டுபிடித்தார். முதலாளி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களைத் தெய்வம்தான் மேடம் அனுப்பிச்சுது" என்றார். அந்தக் கும்பிடு ரொம்ப நாள் நிற்கவில்லை.

அடுத்தது சிம்னி. ஏணி கட்டி, குழாய் விட்டு, புகையை இழுத்து ஒரு கருவியில் பிடித்தார். முதலாளிக்கு ஆரம்பத்திலிருந்தே இது விளங்கவில்லை.

"நான் அரிசி மில் வெச்சிருக்கேங்க. தர்மாமீட்டர் கம்பெனியா வெச்சிருக்கேன்? பாதரசத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"கரியிலயே துளியூண்டு இருக்கும் சார். எரிச்சா ஆவியாகி மேல போகும். மேல போனது மேலயே இருக்காது, மழையோட இறங்கும். நம்ம ஊருல தண்ணி நிக்கிற வயல்தானே எல்லாம்? அந்தச் சேத்துக்குள்ள அது வேற மாதிரி விஷமா மாறி, விரால் மீனு, கெண்டை மீனுன்னு ஏறும். நெல்லுலயும் கொஞ்சம் ஏறும். அந்த நெல்லு சுத்திச் சுத்தி உங்க மில்லுக்கே வரும்."

நெல் மில்லுக்கு வரும் என்ற பகுதி மட்டும் முதலாளிக்குப் பிடித்திருந்தது.

முடிவு வந்த அன்று மேடம் ஆபீஸ் அறையில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். எங்கள் சிம்னியில் வெளியே போகிற பாதரசம், உள்ளே வருகிற கரியில் இருக்கிற பாதரசத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்தே பழகியவருக்கு, வராதது எப்படி வெளியே போகிறது என்பது புதுச் சிக்கல். "உள்ள வராதது வெளிய போகாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு அந்தத் தத்துவம் எல்லாம் வேண்டியிருக்கவில்லை. "இப்படியே அறிக்கை போனா என்ன ஆகும்?"

"சிம்னிக்கு வடிகட்டி போடச் சொல்லுவாங்க. பாதரசத்தை உறிஞ்சுற ஒரு கரித்தூளை ஊதி, அதைப் பையில பிடிக்கிற மாதிரி." அதற்கு ஆகும் தொகையையும் சொன்னார். முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன்பும் உட்கார்ந்துதான் இருந்தார். "அந்தக் காசுக்கு இன்னொரு மில்லே வாங்கிடலாம் மேடம். மூடிட்டுப் போயிடுறதுதான் சுலபம்."

மில் முதலாளிகள் சங்கத்திலிருந்து ஆட்கள் காரில் வந்தார்கள். மாலை, பழம், ஒரு பட்டுப் புடவை எல்லாம் கொண்டுவந்து, "அளவீட்டுப் பிழைன்னு ஒரே ஒரு வரி போட்டுடுங்கம்மா, எல்லாருக்கும் நிம்மதி" என்று கெஞ்சினார்கள். மேடம் பழத்தை மட்டும் எடுத்து எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

"பிழைன்னாலும் அது எங்க நடந்துச்சுன்னு ஒரு இடம் இருக்கணும் சார். இடம் தெரியாம எப்படிப் போடுறது?"

ஒருநாள் முழுக்கக் கரியே போடாமல் உமியை மட்டும் எரிக்கச் சொன்னார். கரி இல்லாத அன்றும் பாதரசம் வந்தது! மூட்டை தூக்குகிறவர்கள் பாய்லர் பக்கம் வருவதற்குப் பயந்தார்கள். மேடம் டியூப் லைட்டைக் கழற்றிப் பார்த்தார், பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியில் இறங்கிப் பார்த்தார். "வேற என்ன வந்துச்சு இந்த பாய்லர் ரூமுக்கு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டார். கரி, உமி, தண்ணீர், கிரீஸ், கந்தல் துணி என்று நாங்களும் ஒன்று விடாமல்தான் சொன்னோம். உள்ளே வந்தவற்றில் சாமியை யாராவது சேர்ப்பார்களா?

ஆமாம், சாமிதான். அதற்கு முந்தின வருஷம் மில்லில் நஷ்டம் என்று முதலாளி ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்திருந்தார். அவர் மில்லை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அக்னி மூலையில் தோஷம் என்று சொல்லி, காசியிலிருந்து வரவழைத்ததாக ஒரு சின்ன லிங்கத்தை விற்றார். உருவம் சின்னது, ஆனால் தூக்க முடியாத கனம். சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சக்தி கூடும் என்று பாய்லர் சுவரிலேயே மாடம் கட்டி வைக்கச் சொன்னார். அதற்குச் சந்தனம், குங்குமம், வேட்டி எல்லாம் உண்டு. தஞ்சாவூரில் அளவெடுத்துச் செய்த வெள்ளிக் கவசமும் உண்டு. பாய்லர் ஆபரேட்டர் என்பதால் பூசாரி வேலையும் எனக்கே வந்தது. மேடமும் வந்த நாள் முதல் அந்த மாடத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் பூ வைத்தேன், கை நடுங்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன். கவசம் வேறு சரிந்து சரிந்து வந்தது. என் எரிச்சல்தான் தெரியுமே. "ஆளாளுக்கு என்னைச் சொல்றாங்க. இவரு மட்டும் என்னவாம்? நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறாரு, கவசம் நிக்க மாட்டேங்குது" என்று முணுமுணுத்தேன்.

விபூதிக்கு நீட்டிய மேடத்தின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க? சாமி இளைச்சாரா?"

"ஆமாம் மேடம். வாங்கினப்ப கவசம் கச்சிதமா இருந்துச்சு. இப்பப் பாருங்க, லொடலொடன்னு ஆடுது."

"இளைச்சது எங்க போச்சு?"

சாமிக்கு உஷ்ணம், காலையில் வேர்க்கும், முத்து முத்தாக வெள்ளி நிறத்தில் வேர்வை நிற்கும், என் துண்டால் துடைத்துவிடுவேன், கீழே விழுந்து உருண்டு ஓடுவதை விளக்குமாற்றால் தள்ளுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். என் பக்திக்குத்தான் அந்த அற்புதம் காட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தர்மாமீட்டரில் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. சாமி மேனியில் பார்த்தால் தர்மாமீட்டர் ஞாபகம் எப்படி வரும்? மேடம் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்து மாடத்தின் அருகில் நீட்டினார். அதில் எண்கள் ஓடிய வேகத்தைப் பார்த்துவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடினார். அந்த ஷூ எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

முதலாளியை அழைத்துவந்து விசாரித்ததில், அது பாதரசத்தை வேறு உலோகத்தோடு சேர்த்து இறுக்கிச் செய்த லிங்கம் என்று ஒத்துக்கொண்டார். அவருக்கு அது முதலிலிருந்தே தெரியும். "ஆனா அது கட்டின ரசம் மேடம். மந்திரத்தால கட்டினது. அது பாதரசத்துல சேராது."

"கட்டு அவுந்துடுச்சு சார். சூட்டுல ஆவியாகுது. பாய்லர் ஃபேன் இந்த ரூம் காத்தைத்தானே இழுத்து அடுப்புக்குள்ள ஊதுது? அது அப்படியே சிம்னி வழியா ஊருக்குப் போகுது."

"அப்ப சாமியா புகை விடுறாரு?" முதலாளியின் குரல் உடைந்துவிட்டது. அவர் நிஜமாகவே பக்திமான்.

மேடம் குரலைத் தணித்துக்கொண்டார். "சாமி மேல ஒரு குத்தமும் இல்ல சார். அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல யாரை உக்கார வெச்சாலும் இளைச்சுத்தான் போவாங்க."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னமான சாமியை வைத்துக்கொள்ளக் கூடாது, திருவையாற்றில் காவேரியில் விட்டுவிடலாம் என்றார். அத்தனை நாளும் குரலை உயர்த்தாத மேடம் அப்போது போட்ட சத்தத்தில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். "ஆத்துல விட்டா கரைஞ்சுடுமா? அங்கேருந்து எங்க போகும்? சொல்லுங்க, எங்க போகும்?" வாய்க்கால் வாய்க்காலாக அது போகிற வழியை அவரே சொல்லிக்கொண்டு போனார். முதலாளி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். கடைசியில் அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, இந்த மாதிரிக் கழிவுக்கென்று இருக்கிற கிடங்குக்கு அனுப்பினார்கள். டப்பாவுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டித்தான் முதலாளி வண்டி ஏற்றினார். மேடமும் தொட்டுக் கும்பிட்டார்.

அனுப்புவதற்கு முன்னால் மூட்டை போடும் தராசில் அதை நிறுத்தார். வாங்கிய அன்று, வாஸ்துக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று பார்க்க முதலாளியும் அதே தராசில்தான் நிறுத்திருந்தார். கால்வாசிக்கு மேல் காணோம். சிம்னி வழியாகப் போனது இவ்வளவு, தரை வெடிப்பில் இருந்தது இவ்வளவு, சாம்பலில் இவ்வளவு என்று மேடம் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார்.

"பாய்லர் சார், உங்களுக்குக் கை எப்பலேருந்து நடுங்குது?"

யோசித்துச் சொன்னேன். சாமி வந்து கொஞ்ச நாள் கழித்து.

மறுநாளே என்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிறுநீரைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. எனக்குள் பாதரசம் இருந்தது, இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக. நடுக்கம், தூக்கமின்மை, கோபம் எல்லாம் அதனால்தான், மூச்சில் உள்ளே போயிருக்கிறது, அந்த இடத்தை விட்டு விலகி வைத்தியம் செய்தால் மெல்ல மெல்லக் குறையும் என்று டாக்டர் ரொம்ப வருத்தமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அதாவது அது தானாகவே குலுங்கியது. தன் மூத்திரத்தில் விஷம் இருக்கிறது என்று தெரிந்து ஊருக்கு லட்டு கொடுத்தவன் தஞ்சாவூர் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டீக்கடைப் பெஞ்சில் ஆளுக்கு ஒரு லட்டு வைத்தேன். அன்று கிண்டல் செய்தவனுக்கு மட்டும் இரண்டு, வாயை அடைப்பதற்காக.

முதலாளிக்கும் சந்தோஷம்தான். வடிகட்டி வேண்டாம், மில் பிழைத்தது. "அப்ப கட்டுப்படுத்துற செலவு ஒண்ணுமில்லைன்னு போட்டுடலாமா மேடம்?" என்றார். மேடம் தரையைப் பெயர்த்துச் சுத்தம் செய்கிற செலவு என்று ஆரம்பித்து, வரிசையில் கடைசியாக என் வைத்தியம், வேலை செய்ய முடியாத மாதங்களுக்கு என் சம்பளம் என்று எழுதினார்.

"அது எப்படிங்க புகைச் செலவுல வரும்?"

"புகை இவருக்குள்ளயும்தானே போச்சு சார். இவரும் ஒரு சிம்னிதான்."

முதலாளி என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். வாக்குத் தவறவும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு எனக்கு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மேடம் நினைக்கவில்லை. ஊருக்குக் கிளம்பவேண்டிய நாளில் மறுபடி வந்து நின்றார். முகம் சரியில்லை. "இன்னும் கொஞ்சம் காணோம் பாய்லர் சார். தினமும் துடைச்ச அந்தத் துண்டு, அதை யாரு துவைச்சா?"

"தனம்தான் மேடம்."

அவர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே திருவையாற்றுக்குப் போனார். மாமனார் வாசலில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடத்தைப் பார்த்து யாரோ வக்கீல் என்று நினைத்து நாற்காலி போட்டார். என் முடிவுத் தாளை மேடம் தனத்திடம் கொடுத்து விளக்கினார். தனம் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். மேடம் அவளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொன்னபோது, "இவரைச் சந்தேகப்பட்டதுக்கு எனக்கு வேணும்" என்று மெதுவாகச் சொன்னாள். முடிவு வருகிறவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குள் விஷம் இருந்தபோது லட்டு கொடுத்தவன், அவளுக்குள் இருக்குமோ என்று நினைத்து ஒருவாய்ச் சோறு இறங்காமல் கிடந்தேன்.

அந்தத் தாளையும் மேடமே கொண்டுவந்தார். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் இருக்கிற அளவுதான்" என்று சொல்லிவிட்டார். மாமனார் திரும்பி நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் மட்டும் திருப்தி ஆகாமல் உட்கார்ந்திருந்தார். "எப்படி இல்லாமப் போச்சு? துவைச்சிருந்தா இருக்கணுமே. எத்தனை மாசம் துவைச்சீங்க?"

"எங்கேங்க மாசக்கணக்கா? சாமி வந்து கொஞ்ச நாள்லயே இவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. நான் சண்டை போட்டுக்கிட்டு இங்க வந்துட்டேன்" என்றாள் தனம்.

மேடம் பையிலிருந்து தாளை எடுத்தார். தலையை ஆட்டிக்கொண்டார். "பாய்லர் சார், அந்த மில்லுல சிம்னியிலேருந்து மாடம் வரைக்கும் பாதரசத்தைத் தடுக்க ஒண்ணுமே கிடையாதுன்னு எழுதியிருந்தேன். தப்பு. உங்க வீட்டுச் சண்டை இருந்திருக்கு. வேலை செஞ்ச ஒரே கட்டுப்பாட்டுக் கருவி அதுதான். செலவும் ஒண்ணுமில்ல."

"செலவு இல்லைன்னு யாரு சொன்னது மேடம்?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அது பாதரசக் கோபமா என் சொந்தக் கோபமா என்று தெரியவில்லை. "இத்தனை மாசமும் நான் சமைச்சதை நானேதானே சாப்பிட்டேன்!"

மேடம் ரொம்ப நியாயமான ஆள். "அதைச் சேர்க்கணும்" என்று பேனாவைத் திறந்தார்.

தனம் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எழுந்து உள்ளே போனவள் நிலைப்படியில் நின்று திரும்பினாள். "இலை போடுறேன், எல்லாரும் சாப்பிடுங்க. சாயங்காலம் நானும் கிளம்பி வரேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா இனிமே உங்க துண்டை நீங்கதாங்க துவைக்கணும்."

இன்றுவரை நான்தான் துவைக்கிறேன்.